பம்புக்குள்ளே தண்ணியின் வேகம் தணிந்த கதை



மோட்டாரைப் போட்டதும் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? டெலிவரிக் குழாயின் வாயைப் பார்க்கிறோம். தண்ணி தொட்டியைத் தாண்டி எட்டி விழுந்தால், "பம்பு நல்லா எடுக்குது" என்று சந்தோஷம். மளமளவென்று வழிந்து இறங்கினால் முகம் சுருங்கிவிடுகிறது. எங்கள் பெரியப்பா, இரண்டரை அங்குல டெலிவரிக் குழாயின் முனையில் ஒன்றரை அங்குல ரிட்யூசர் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். தண்ணி பீய்ச்சிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் விழும். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு நாள் அவரிடம், "பெரியப்பா, இது வேகம்தானுங்க, தண்ணி இல்லீங்க" என்று சொன்னேன். "ஏண்டா தம்பி, வேகம் இல்லாம தண்ணி எப்படி வரும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது லேசான கேள்வி இல்லை. பம்பு செய்தவர்களே இதற்குப் பதில் காண இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

பம்பில் சுற்றும் சக்கரத்தை இம்பெல்லர் என்கிறோம். அதை எல்லாருக்கும் தெரியும். அதைச் சுற்றி அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாகத்தை யாரும் கவனிப்பதில்லை. மோனோபிளாக் பம்பில் அது நத்தைக்கூடு மாதிரி வளைந்த உறை. வாயை நெருங்க நெருங்க அகலமாகிக்கொண்டே போகும். போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிளில் அது உள்ளே தகடுகள் வைத்த கிண்ணம். பட்டறைக்காரர்கள் பவுல் என்பார்கள். இந்த வேலையைச் செய்யும் பாகத்துக்கு டிப்யூசர் என்று பெயர். பெயரில் என்ன இருக்கிறது, வேலை ஒன்றுதான். வேகமாக வருகிற தண்ணியை மெதுவாக்கி, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இதில் முதலில் லாபம் பார்த்தவர்கள் தண்ணித் திருடர்கள் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை. கி.பி. 97இல் ரோமாபுரியின் குடிநீருக்கு அதிகாரியாக வந்தவர் ஃப்ரொன்டினஸ் என்பவர். அங்கே வீட்டுக்கு வீடு தண்ணி விட, இத்தனை அளவு என்று முத்திரை போட்ட வெண்கலக் குழாய்த் துண்டு ஒன்றைத் தொட்டியில் பதித்துக் கொடுப்பார்கள். வெண்கலமாக இருந்தால் அதை வளைத்துப் பெரிசாக்க முடியாது. ஆனால் ஆள் கில்லாடியாக இருந்தால் என்ன செய்வான்? முத்திரைத் துண்டைத் தொடமாட்டான். அதற்கு அடுத்தாற்போல் அதைவிட அகலமான ஈயக் குழாயை மாட்டிவிடுவான். குறுகின வாய் சட்டப்படி சரி, தண்ணி மட்டும் கூடுதலாக வரும். இதைத் தடுக்க, தொட்டியிலிருந்து 50 அடி தூரத்துக்கு அகலக் குழாய் இணைக்கக் கூடாது என்று ரோமாபுரியில் தீர்மானமே போட்டிருந்தார்கள். ஃப்ரொன்டினஸ் இதையெல்லாம் தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். நம்ம ஊரில் மடை வாயைக் கல் வைத்துக் கட்டிவிட்டு, கண் மறைந்ததும் பக்கத்துக் கரையை வெட்டுகிறவர்களுக்கு அவர்கள் அண்ணன்மார்!

இது ஏன் நடக்கிறது என்பதை எண்ணிச் சொல்ல வெகுகாலம் ஆயிற்று. 1738இல் டேனியல் பெர்னூலி ஓடும் நீரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வேகம் கூடினால் அழுத்தம் குறையும், வேகம் குறைந்தால் அழுத்தம் கூடும் என்ற கணக்கு அங்கிருந்து வளர்ந்தது. 1797இல் இத்தாலிக்காரர் வெஞ்சூரி, பாதிரியாராகவும் பேராசிரியராகவும் இருந்தவர், மெல்ல விரியும் குழாயைத் துவாரத்தில் பொருத்தினால் தண்ணி அதிகமாக வருவதைச் சோதனை செய்து காட்டினார். மருந்து தெளிப்பிலும் சொட்டு நீரில் உரம் கலக்கவும் நாம் வைக்கும் வெஞ்சூரி அவர் பெயரில் இருப்பதுதான்.

பம்புக்கு வருவோம். தண்ணியைச் சுழற்றி வீசி மேலே ஏற்றலாம் என்று 1689இல் எழுதியவர் டெனிஸ் பாப்பின். பிரான்சில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்தவர். நம்ம வீட்டு பிரஷர் குக்கருக்கும் அவர்தான் மூதாதை. அவர் வைத்த சக்கரத்துக்கு நேரான தகடுகள். அதற்கப்புறம் ஒரு நூறு வருஷத்துக்கு மேல் அந்த யோசனை பெரிதாகப் பிழைக்கவில்லை. 1818இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பகுதியில், அதே மாதிரி நேர்த் தகடு வைத்த பம்பு ஒன்று புறப்பட்டது. ஓடிற்று, ஆனால் கொடுத்த சக்தியில் பெரும்பங்கு வீணாயிற்று.

எங்கே வீணாயிற்று என்பதை இந்தக் காலத்துப் பம்பை வைத்தே பார்க்கலாம். 65 அடி, அதாவது 20 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் ஒரு பம்பு. சக்கரம் 13 சென்டிமீட்டர் அகலம், நிமிஷத்துக்கு 2,880 சுற்று. சக்கரத்தை விட்டு வெளியே வரும் தண்ணியின் வேகம் வினாடிக்கு 12 மீட்டர் வரும். மணிக்கு 43 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம். ஆனால் டெலிவரிக் குழாயில் அது போக வேண்டியதோ வினாடிக்கு இரண்டு, இரண்டரை மீட்டர்தான். அந்த 12 மீட்டர் வேகத்தில் அடங்கியிருக்கும் சக்தி, தண்ணியை ஏறக்குறைய 24 அடி உயரத்துக்கு ஏற்றப் போதுமானது. மொத்தம் 65 அடியில் 24 அடி! சக்கரம் செய்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகமாகவே நிற்கிறது. அதை மெதுவாக்கி அழுத்தமாக மாற்றத் தெரியாவிட்டால் அத்தனையும் உறைக்குள் மோதி, சுழித்து, தண்ணியைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டுப் போய்விடும். பழைய பம்புகளில் அதுதான் நடந்தது.

1851இல் லண்டனில் ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி. அங்கே ஜான் ஜார்ஜ் அப்போல்டு என்பவர் ஒரு பம்பைக் கொண்டுவந்து வைத்தார். அவர் குடும்பத் தொழில் தோலுக்குச் சாயம் போடுவது! சக்கரத்தின் தகடுகளை நேராக வைக்காமல், சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வளைத்திருந்தார். நேரான தகடு வைத்தால் கொடுத்த சக்தியில் 24 சதம்தான் பயன்பட்டது; சாய்த்து வைத்தால் 43; வளைத்து வைத்தால் 68 சதம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். காரணம் இதுதான்: தகடு பின்பக்கம் வளைந்திருந்தால் தண்ணி வெளியே வரும்போது வேகம் குறைவாகவும் அழுத்தம் கூடுதலாகவும் வரும். பின்னால் மெதுவாக்குகிற பாரம் பாதி குறைந்துவிடும்.

அந்தப் பம்பு உடனே விவசாயத்துக்குப் போனதுதான் நமக்குச் சேதி. இங்கிலாந்தின் கிழக்கே, தாழ்ந்த சேற்று நிலத்தில், விட்டில்சி மியர் என்று ஒரு பெரிய ஏரி. அதே 1851இல் அப்போல்டு பம்பை வைத்து அதை வற்ற வைத்தார்கள். 1852 நவம்பரில் வெள்ளம் வந்து கரை உடைந்து, மறுபடி ஏரியாகிவிட்டது. பம்பு இருந்ததால் மறுபடியும் இறைத்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கோதுமை விதைத்தார்கள். ஏரியைத் தூர்ப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. ஏரிப் பாசனக்காரனான எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆனால் கோடிக்கணக்கான குடம் தண்ணியைச் சக்கரத்தால் அள்ளி வீச முடியும் என்பது அங்கே நிரூபணம் ஆயிற்று.

சக்கரம் இப்படித் தேறியது. சக்கரத்துக்கு வெளியே? அதைக் கவனித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரத்தில் பிறந்தவர்கள். முதலாமவர் ஜேம்ஸ் தாம்சன், கெல்வின் பிரபுவின் அண்ணன். 1850களில் அவர் ஒரு யோசனை சொன்னார். சக்கரத்தைச் சுற்றி வட்டமாக வெறும் இடம் விடுங்கள், தண்ணி அதில் சுழன்றுகொண்டே அகலட்டும் என்றார். தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் தண்ணி ஓட்டைக்குக் கிட்டே வர வர வேகமாகச் சுழல்கிறதல்லவா? அதைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து விலக விலகச் சுழல் தானாக மெதுவாகும், அழுத்தம் ஏறும். இந்த வெளிச்சுழல் பம்பை நிலத்து நீரை வடிக்கவென்றே அவர் செய்தார். அருமையான யோசனைதான். ஆனால் பம்பு வண்டிச்சக்கரம் மாதிரி பெரிசாகிவிடும்.

இரண்டாமவர் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ். மான்செஸ்டரில் பேராசிரியர். 1875இல் அவர் எடுத்த பேடண்டில், சக்கரத்தைச் சுற்றி அசையாத தகடுகளை வளைத்து வைத்தார். தண்ணி சக்கரத்தைவிட்டு எந்தச் சாய்மானத்தில் வருகிறதோ, அதே சாய்மானத்தில் தகட்டின் நுனி அதை வாங்கிக்கொள்ளும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பாதை மெல்ல மெல்ல அகலமாகும். தாம்சனுக்கு வேண்டியிருந்த இடத்தில் ஒரு பங்கிலேயே வேலை முடிந்தது. ஒரு சக்கரத்தின் தண்ணியை அடுத்த சக்கரத்துக்குக் கொடுத்து, ஸ்டேஜ் மேல் ஸ்டேஜாக அழுத்தத்தை ஏற்றலாம் என்பதும் அதே பேடண்டில் இருந்தது. பார்வைக்கு நீர் டர்பைனைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்ததால் டர்பைன் பம்பு என்ற பெயர் வந்தது.

இவ்வளவு ஆன பிறகும் ஒரு புதிர் பாக்கி. மெதுவாக்க வேண்டும், சரி. எவ்வளவு சீக்கிரமாக மெதுவாக்கலாம்? குழாயை ஒரேயடியாக விரித்துவிட்டால் என்ன?

இதில் மாட்டிக்கொண்டவர் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டல். 1900இல், இருபத்தைந்து வயதில், நியூரம்பெர்க்கில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மரச்சீவலைக் காற்றால் உறிஞ்சி எடுக்கும் கருவியைச் சீர்செய்யச் சொன்னார்கள். காற்றின் வேகத்தை அழுத்தமாகத் திருப்பிப் பெறலாம் என்று விரியும் குழாய் ஒன்றை வைத்தார். கணக்குப்படி அழுத்தம் ஏற வேண்டும், ஏறவில்லை. காற்று குழாயின் சுவரை ஒட்டி விரியாமல், சுவரைவிட்டுப் பிரிந்து நடுவே தாரையாகப் போய்விட்டது. வேறொருவர் என்றால் வேறு குழாயை மாட்டிவிட்டுப் போயிருப்பார். இவர் விடவில்லை. சுவரைவிட்டு ஏன் பிரிகிறது என்று மூன்று நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். 1904இல் ஹைடல்பர்க் நகரத்தில் கணித அறிஞர்கள் கூடிய மாநாட்டில் பத்து நிமிஷம் பேசினார். ஆகாய விமானத்தின் இறக்கை முதல் நம்ம பம்பு வரை எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்ட பேச்சு அது.

அவர் சொன்னதை நம்ம பாஷையில் சொல்கிறேன். பாரவண்டி ஏரிக்கரை மேட்டில் ஏற வேண்டும். ஓட்டமாக வந்த மாடு அந்த ஓட்டத்திலேயே ஏறிவிடும். ஏற ஏற வேகம் குறையும். மேடு மெல்லச் சரிவாக இருந்தால் தட்டுத்தடுமாறியாவது உச்சிக்குப் போகும். மேடு செங்குத்து என்றால், ஓட்டம் குறைந்த மாடு பாதியிலே நின்று பின்னால் சரியும். தண்ணியும் அப்படித்தான். அழுத்தம் கூடும் பக்கம் போவது அதற்கு மேடேறுவது மாதிரி. நடுவிலே ஓடும் தண்ணிக்கு ஓட்டம் இருக்கிறது. சுவரை உராய்ந்து வரும் மெல்லிய ஏட்டுத் தண்ணிக்கோ ஏற்கெனவே ஓட்டம் போய்விட்டது. பாதை திடீரென்று விரிந்தால் அந்த ஏடு நின்று, திரும்பி, சுழியாகிவிடும். மதகைத் தாண்டித் தண்ணி அகலமான இடத்தில் விழும்போது இரண்டு ஓரத்திலும் சருகு திரும்பத் திரும்பச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

பிராண்டலுக்குச் சில வருஷம் கழித்து, 1910ஐ ஒட்டி, பிரிட்டனில் ஏ. எச். கிப்சன் என்பவர் விதவிதமான விரிகுழாய்களை வைத்து அளந்து பார்த்தார். வட்டக் குழாய் என்றால் இரு சுவருக்கும் நடுவே ஆறு டிகிரி அளவு விரிவுதான் உத்தமம் என்று வந்தது. அதாவது ஒரு அடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் அகலலாம். அதற்கு மேலே போகப் போக நஷ்டம். இன்னொரு விசித்திரமும் கண்டார். 60 டிகிரிக்கு மேல் விரித்த குழாயைவிட, விரிவே இல்லாமல் சட்டென்று பெரிய குழாயில் சேர்ப்பது மேல்! அரைகுறையாகப் பண்ணுவது பண்ணாமல் விடுவதைவிடக் கெடுதல்.

ரெய்னால்ட்ஸ் வைத்த தகடுகள் ஏன் பலித்தன என்பது இதிலிருந்து புரிகிறது. அகலமான ஒரே பாதையைச் சட்டென்று விரித்தால் தண்ணி பிரிந்துவிடும். அதையே ஏழெட்டுச் சின்னப் பாதைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தால், குறைந்த தூரத்திலேயே வேகம் தணியும். பிராண்டல் காரணத்தைச் சொல்வதற்கு முன்பே அவர் இதைச் செய்துவிட்டார்.

நீர்மின் நிலையத்திலும் இதே சங்கதி. சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறும் தண்ணியை விரிகுழாய் வழியாக மெதுவாக்கி விட்டால், மிச்சம் இருந்த வேகமும் மின்சாரமாகும். தண்ணி விழும் உயரம் குறைவாக உள்ள இடத்தில் இது இல்லாமல் முடியாது. மேட்டூருக்குக் கீழே காவிரியில் உள்ள கதவணை மின்நிலையங்களில் டர்பைனைத் தாண்டியும் குழாய் விரிந்துகொண்டே போவது இதற்காகத்தான்.

நம்ம பக்கம் கமலையும் ஏற்றமும் இருந்த இடத்தில் பம்பு வந்த கதை உங்களில் பெரியவர்களுக்கு வீட்டிலேயே கேட்டுப் பழக்கம். 1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. 1937இல் கோயமுத்தூரிலேயே மோட்டார் செய்தார்கள். அப்போது கிணற்றில் தண்ணி கைக்கெட்டும் தூரம். ஒரு சக்கரமும் ஒரு நத்தைக்கூடும் போதும். இப்போது தண்ணி 300 அடி, 600 அடி என்று இறங்கிவிட்டது. ஆறரை அங்குலத் துளைக்குள் நத்தைக்கூட்டை எப்படி இறக்குவது? அதனால்தான் சக்கரம், கிண்ணம், சக்கரம், கிண்ணம் என்று கரும்புக் கணு மாதிரி அடுக்கியிருக்கிறது. கிண்ணத்தில் உள்ள தகடுகள், கீழ்ச் சக்கரம் வீசின தண்ணியைப் பிடித்து, வேகத்தைத் தணித்து, சுழலை நேராக்கி, மேல் சக்கரத்தின் வாயில் கொண்டு விடுகின்றன. ஒரு கிண்ணம் சரியில்லை என்றால் அதற்கு மேலே இருக்கிற சக்கரமும் கெட்ட தண்ணியைத்தான் வாங்கும்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். மணல் இழுக்கிற போரில் சக்கரம் தேய்வது மாதிரியே கிண்ணத் தகட்டின் நுனியும் தேயும். ரிப்பேருக்குப் போனால் சக்கரத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு தடவை எனக்கே நடந்தது. பக்கத்து டவுனில் ஒரு பட்டறையில், அளவு பொருந்துகிறது என்று வேறு ஏதோ பம்பின் கிண்ணங்கள் நாலைச் செருகிக் கொடுத்துவிட்டார்கள். மோட்டார் பழைய ஆம்ப்பியரைத்தான் எடுத்தது. தண்ணி மட்டும் மேலே வந்து தயங்கித் தயங்கி விழுந்தது. பொருந்த வேண்டியது வெளி அகலம் மட்டும் இல்லை, தகட்டின் சாய்மானம். அது அந்தச் சக்கரத்துக்காக, அந்த ஓட்டத்துக்காக வளைத்தது.

அதே காரணத்தால்தான் பம்பின் பட்டியில் எழுதியிருக்கும் உயரத்தையும் லிட்டர் கணக்கையும் பார்த்து வாங்கச் சொல்கிறோம். பட்டியில் ஒரு எல்லை போட்டிருக்கும்; நம்ம போரின் தேவை அதன் நடுவாக்கில் விழ வேண்டும். தண்ணி மட்டம் இறங்கி, ஓட்டம் ரொம்பக் குறைந்துவிட்டால், சக்கரத்தைவிட்டு வரும் தண்ணி தகட்டின் நுனியில் சாய்மானமாக ஏறாமல் பக்கவாட்டில் போய் மோதும். பாதைகளில் சுழி அடைத்துக்கொள்ளும், பம்பு அதிரும். "இருக்கட்டுமே, ரெண்டு ஸ்டேஜ் கூட இருந்தா நல்லதுதானே" என்று ஆழமில்லாத போரில் பெரிய பம்பை இறக்குகிறவர்கள் எதிர்ப்பக்கம் தவறுகிறார்கள். அங்கே ஓட்டம் அளவுக்கு மீறிப் போய், தகடு எதிர்பாராத சாய்மானத்தில் தண்ணி வருகிறது. மோட்டாரும் பாரம் தாங்காது. விவசாயத்துக்குக் கரண்ட் காசு இல்லை என்றாலும், மும்முனைக் கரண்ட் வருகிற நேரம் கணக்குத்தானே?

பெரியப்பாவிடம் திரும்பப் போகிறேன். இருநூறு லிட்டர் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து குழாய் வாயில் வைத்தோம். ரிட்யூசர் இருந்தபோது நிறைய 27 வினாடி. கழற்றிவிட்டு வைத்தால் 25 வினாடி. "இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்? ரெண்டு வினாடி!" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். பம்புக்குள்ளே பாடுபட்டு மெதுவாக்கின தண்ணியை, வெளியே வரும்போது மறுபடி வேகமாக்குகிறோம். அந்தப் பீய்ச்சலுக்காகவே பம்பு ஆறு அடி கூடுதலாக ஏற்றுகிறது. 27க்கு 2 என்றால், ஆறு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஏறக்குறைய அரை மணி நேரத் தண்ணி அதிலே போகிறது. பதிமூவாயிரம் லிட்டருக்குக் கிட்டே வரும். மஞ்சள் காட்டில் ரெண்டு மூணு பாத்தி பாயும்.

பெரியப்பா கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். ரிட்யூசரைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டார். தண்ணி இப்போது மளமளவென்றுதான் விழுகிறது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.